ஈக்கள் நஞ்சுக்குப் பழகிக்கொள்ளவில்லை

(கொச்சி மட்டாஞ்சேரியில் தமிழ்த் தோழர்களுக்காக நடைபெற்ற அறிவியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



துறைமுகத் தொழிலாளர்களை நாய்களைப் போல் முட்டிமோத வைத்த சாப்பா முறையை எதிர்த்து, 1953 செப்டம்பர் 15 அன்று துப்பாக்கிச் சூட்டில் தோழர்கள் உயிரிழந்த மண் இது. டச்சுக்காரர் காலத்திலேயே வேளிப் பகுதியில் குடியமர்த்தப்பட்ட சலவைத் தொழிலாளர்களின் வழித்தோன்றல்களும், மிளகு, இஞ்சிக் கிடங்குகளில் சுமை தூக்க வந்தவர்களின் பிள்ளைகளும் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். இத்தகைய ஊரில் அரசியல் பேசுவது எளிது. ஈயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேனே என்று சிலர் வியக்கக்கூடும். ஈயைப் பற்றிப் பேசினாலும் இறுதியில் அரசியலுக்குத்தான் வந்து சேர்வோம் என்பதை முன்கூட்டியே கூறிவிடுகிறேன்.

வகுப்பு தொடங்குமுன் ஒரு தோழர் என்னிடம் ஒரு குறை சொன்னார். மழைக்காலம் வந்தால் சந்தையை ஒட்டிய வீடுகளில் சோற்றுத் தட்டை மூடி வைத்துக்கொண்டுதான் உண்ண வேண்டியிருக்கிறது. வட்டாரத் தோழர்கள் மருந்து தெளிக்கச் சொல்லி மனுக் கொடுக்கிறார்கள். தெளிக்கிறார்கள். இரண்டு நாள் குறைகிறது. பத்தாம் நாள் முன்னிலும் அதிகமாக மொய்க்கிறது. "ஈக்கு மருந்து பழகிப் போய்விட்டது, தோழர். இதைவிடக் கடுமையான மருந்து வேண்டும் என்று அடுத்த மனுவில் எழுதப் போகிறோம்" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் இன்று ஆராயப் போகிறோம். "பழகிப் போய்விட்டது" என்ற சொல் அறிவியல்படி தவறானது. அந்தத் தவறான சொல்லிலிருந்துதான் "இன்னும் கடுமையான மருந்து" என்ற தவறான கோரிக்கை பிறக்கிறது.

1948: இரண்டு நிகழ்வுகள்

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கெய்கி நிறுவனத்தின் வேதியியலாளர் பால் முல்லர், டி.டி.டி. என்ற சேர்மத்துக்குப் பூச்சிகளைக் கொல்லும் ஆற்றல் உண்டு என்று 1939இல் கண்டறிந்தார். இரண்டாம் உலகப் போரின்போது நேப்பிள்ஸ் நகரில் பேன் மூலம் பரவிய டைபஸ் காய்ச்சலைக் கட்டுப்படுத்த அது பயன்பட்டது. மலேரியாவுக்கு எதிராகவும் இறக்கப்பட்டது. மனிதகுலத்தின் பழைய பகைவர்கள் அனைவரும் ஒழிந்தார்கள் என்றே உலகம் நம்பியது. 1948இல் முல்லருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் பரிசு அறிவிக்கப்படும் முன்பே ஈக்கள் தம் பதிலைச் சொல்லிவிட்டன. 1946, 1947 ஆம் ஆண்டுகளில் ஸ்வீடன், டென்மார்க், இத்தாலி ஆகிய நாடுகளின் மாட்டுத் தொழுவங்களில் டி.டி.டி. பூசிய சுவர்கள் மீது வீட்டு ஈக்கள் கவலையின்றி உட்கார்ந்திருந்தன. ஒரு நஞ்சு பெருமளவில் புழக்கத்துக்கு வந்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அது பயனற்றுப் போனதற்கு வீட்டு ஈ முதற்பெரும் சான்றாயிற்று.

அதே 1948இல் நம்மோடு நேரடித் தொடர்புடைய இன்னொரு நிகழ்வும் நடந்தது. ஆகஸ்ட் மாதம் மாஸ்கோவில் சோவியத் வேளாண் அறிவியல் அகாதெமியின் கூட்டம் கூடியது. உயிரினங்கள் சூழலுக்குப் பழகிப் பெறும் பண்புகளையே சந்ததிக்குக் கடத்துகின்றன என்று வாதிட்ட டிரோஃபிம் லைசென்கோவின் கொள்கை அங்கே அதிகாரப்பூர்வமாக்கப்பட்டது. மரபணுவியல் முதலாளித்துவ அறிவியல் என்று முத்திரை குத்தப்பட்டது. பயிர்களின் மரபு வளத்தைத் தேடி உலகெங்கும் அலைந்து விதைகளைத் திரட்டிய நிக்கோலாய் வாவிலோவ், அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1943இல், சரத்தோவ் சிறையில் மாண்டுவிட்டார்.

இந்த இரண்டு நிகழ்வுகளையும் நான் ஒன்றாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "ஈ மருந்துக்குப் பழகிவிட்டது" என்று நாம் சொல்லும்போது, நம்மை அறியாமலேயே லைசென்கோவின் பக்கம் நின்று பேசுகிறோம். உண்மையில் நடந்தது என்ன என்பதை ஈயிடமே கேட்போம்.

தேர்வு செய்தது யார்?

ஈ பழகிக்கொள்கிறது என்றால், நஞ்சைச் சிறிதளவு உண்டு உயிர் பிழைத்த ஈ வலுப்பெற்று, அந்த வலுவைக் குஞ்சுகளுக்குக் கொடுக்க வேண்டும். மரபணுவியல் சொல்வது வேறு. நஞ்சைத் தாங்கும் மரபணுவைக் கொண்ட ஒருசில ஈக்கள் கூட்டத்தில் முன்பே இருக்கின்றன. நஞ்சு மற்றவற்றைக் கொன்று, இவற்றுக்கு இடத்தைக் காலி செய்து கொடுக்கிறது.

இரண்டில் எது சரி என்பதை எப்படிச் சோதிப்பது? 1960இல் வெளியான ஓர் ஆய்வு இதை மிக எளிமையாகச் செய்து காட்டியது. சோதனைக்குப் பழ ஈக்களை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு தாயின் பிள்ளைகளையும் இரண்டு பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்குக்கு மட்டும் டி.டி.டி. கொடுத்தார்கள். எந்தக் குடும்பத்தில் சாவு குறைவாக இருந்ததோ, அந்தக் குடும்பத்தின் மற்றொரு பங்கை, அதாவது நஞ்சையே கண்டிராத உடன்பிறப்புகளை, அடுத்த தலைமுறைக்கு வளர்த்தார்கள். இதையே தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தார்கள். இறுதியில் கிடைத்த ஈக்கள் டி.டி.டி.யை நன்கு தாங்கின. அவற்றின் நேர் முன்னோர் எவரும் ஒரு துளி டி.டி.டி.யைக்கூடத் தொட்டதில்லை. தொடாத நஞ்சுக்கு எப்படிப் பழக முடியும்?

இன்னொரு சான்று அருங்காட்சியகத்தின் இழுப்பறையிலிருந்து வந்தது. ஆஸ்திரேலியாவில் செம்மறியாடுகளைத் தாக்கும் ஒருவகை ஈ உண்டு. மாலத்தியான் என்ற பூச்சிக்கொல்லி புழக்கத்துக்கு வருவதற்கு முன், அதாவது 1950க்கு முன், பிடிக்கப்பட்டு ஊசியில் குத்தி வைக்கப்பட்டிருந்த ஈக்களின் மரபணுக்களைப் பிற்காலத்தில் ஆராய்ந்தார்கள். மாலத்தியானைத் தாங்கும் மரபணு மாற்றம் அந்தப் பழைய ஈக்கள் சிலவற்றில் ஏற்கெனவே இருந்தது. பூட்டு தயாரிக்கப்படும் முன்பே சாவி செய்யப்பட்டுவிட்டது போன்றது இது. எல்லா எதிர்ப்புத் திறனும் இப்படி முன்பே தயாராக இருப்பதில்லை. சில மாற்றங்கள் பின்னர் தோன்றுகின்றன. ஆனால் எப்போது தோன்றினாலும் அவை நஞ்சின் கட்டளையால் தோன்றுவதில்லை. தற்செயலாகத் தோன்றியதை நஞ்சு தேர்ந்தெடுக்கிறது.

இந்தத் தேர்வு எவ்வளவு விரைவாக நடக்கும் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. இனக்கலப்பின் நுணுக்கங்களை விட்டுவிடுகிறேன். ஒரு சந்தையில் 1,00,000 ஈக்கள். அவற்றுள் 100 மட்டுமே நஞ்சைத் தாங்குபவை. மருந்து தெளிக்கிறோம். சாதாரண ஈக்களில் 100க்கு 99 சாகின்றன, மிஞ்சுபவை 999. தாங்கும் ஈக்களில் பத்தில் ஒன்று சாகிறது, மிஞ்சுபவை 90. "ஈயே இல்லை" என்று மக்கள் மகிழ்கிறார்கள். ஆனால் மிஞ்சிய 1,089 ஈக்களில் தாங்குபவை இப்போது 100க்கு 8. குப்பை அப்படியே கிடப்பதால் கூட்டம் மீண்டும் ஒரு லட்சமாகிறது. மறுபடியும் தெளிக்கிறோம். இம்முறை மிஞ்சுபவற்றில் 100க்கு 89 தாங்குபவை. மூன்றாம் முறை தெளிக்கும்போது நாம் காசைத்தான் தெளிக்கிறோம்.

ஈ எதையும் கற்றுக்கொள்ளவில்லை, தோழர்களே. நல்ல நெல்லைப் பொறுக்கி விதைக்கு வைக்கும் உழவரைப் போல, நஞ்சைத் தாங்கும் ஈயை நாம்தான் பொறுக்கி வளர்த்திருக்கிறோம்.

ஈயின் நான்கு அரண்கள்

வீட்டு ஈக்கு ஆறு இணைக் குரோமோசோம்கள். இரண்டாயிரத்துப் பதினான்கில் அதன் மரபணுத் தொகுதி முழுமையாக வெளியிடப்பட்டது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பிருந்தே எந்த எதிர்ப்புப் பண்பு எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்பதைக் கலப்பினச் சோதனைகள் மூலம் அறிஞர்கள் கண்டறிந்து வந்தார்கள். அவர்கள் கண்ட அரண்களை நான்காகத் தொகுத்துக் கூறலாம்.

முதல் அரண், நஞ்சு தாக்கும் இலக்கையே மாற்றிக்கொள்வது. நரம்பில் செய்தி ஓடுவதற்குச் சோடியம் அயனிகள் உள்ளே புகும் நுண்ணிய வாயில்கள் உள்ளன. அவை கண நேரம் திறந்து உடனே மூடிக்கொள்ள வேண்டும். டி.டி.டி. அந்த வாயில் மூடாதபடி முட்டுக் கொடுக்கிறது. நரம்பு ஓயாமல் துடிக்கிறது. ஈ நடுங்கி மல்லாந்து விழுகிறது. சில ஈக்கள் அப்படி விழுவதில்லை என்பதை 1951இல் கண்டார்கள். 1954இல் இத்தாலிய அறிஞர் மிலானி இந்தப் பண்புக்கு "வீழ்த்தலை எதிர்க்கும் திறன்" என்ற பொருளில் கே.டி.ஆர். என்று பெயரிட்டார். மூன்றாம் குரோமோசோமில் உள்ள இது ஓர் ஒடுங்கு பண்பு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றால்தான் முழுமையாக வெளிப்படும். 1996இல் அதன் மூலக்கூறு இரகசியம் வெளிப்பட்டது. சோடியம் வாயிலாக அமையும் அந்த நீண்ட புரதச் சங்கிலியில் 1014ஆவது இடத்தில் லியூசின் இருக்க வேண்டும். இந்த ஈக்களில் அங்கே ஃபினைல்அலனின் இருக்கிறது. ஈராயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணிகளில் ஒரே ஒரு கண்ணி மாறியதால் நஞ்சுக்குப் பிடி கிடைக்காமல் போயிற்று. இதனோடு 918ஆவது இடமும் மாறியிருந்தால் எதிர்ப்பு இன்னும் பன்மடங்காகிறது.

இரண்டாவது அரண், நஞ்சைச் சிதைப்பது. டி.டி.டி.யிலிருந்து குளோரினைப் பிரித்து அதைச் செயலிழக்கச் செய்யும் நொதி ஒன்று. பைரித்ராய்டு வகை நஞ்சுகளைச் சிதைக்கும் பி450 குடும்ப நொதி மற்றொன்று. இந்த நொதிகள் எல்லா ஈக்களிடமும் உள்ளவைதாம். எதிர்ப்புத் திறன் கொண்ட ஈயில் அந்த நொதியைச் சுரக்கச் செய்யும் கட்டுப்பாடு தளர்ந்துவிடுகிறது. அளவுக்கு மிஞ்சி உற்பத்தியாகிறது.

மூன்றாவது, நஞ்சு உடலுக்குள் ஊடுருவும் வேகத்தைத் தோலே குறைப்பது. தனியாகப் பார்த்தால் இது பெரிய அரண் இல்லை. ஆனால் நஞ்சு மெதுவாக நுழையும்போது சிதைக்கும் நொதிக்கு அவகாசம் கிடைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் பலன் கூட்டலாக அன்றிப் பெருக்கலாக உயர்கிறது. தனித்தனியே பலவீனமானவை ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தொழிற்சங்கத் தோழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நான்காவது அரண் டீல்ட்ரின், எண்டோசல்ஃபான் போன்றவற்றுக்கு எதிரானது. நரம்புக்குக் கட்டுப்பாட்டு விசையாக விளங்கும் குளோரைடு வாயிலை இந்த நஞ்சுகள் அடைத்துவிடுகின்றன. அந்த வாயிலின் புரதத்தில் அலனினுக்குப் பதிலாக செரின் என்ற ஒரே மாற்றம் ஈயைக் காப்பாற்றிவிடுகிறது.

பாட்டன் சொத்து

இப்போது மிக முக்கியமான செய்திக்கு வருகிறேன். டி.டி.டி. பயனற்றுப் போனபின் புதுப்புது நஞ்சுகள் வந்தன. 1970களில் பெர்மெத்ரின் முதலான பைரித்ராய்டுகள் வந்தன. சாமந்தி இனத்தைச் சேர்ந்த பைரித்ரம் மலரில் உள்ள இயற்கை நஞ்சைப் பின்பற்றிச் செயற்கையாகச் செய்யப்பட்டவை இவை. வேதியியல் அமைப்பில் டி.டி.டி.க்கும் இவற்றுக்கும் உறவில்லை. ஆகவே ஈக்கு இது முற்றிலும் புதிய ஆயுதம் என்று கருதினார்கள்.

ஆனால் பைரித்ராய்டுகள் தாக்குவதும் அதே சோடியம் வாயிலைத்தான். டி.டி.டி. காலத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட கே.டி.ஆர். மரபணு அழியாமல் ஈக்கூட்டங்களில் தங்கியிருந்தது. பைரித்ராய்டு வந்து சேர்ந்தபோது, அந்த நஞ்சைத் தம் வாழ்நாளில் கண்டிராத ஈக்கள் பாட்டன் சொத்தாகப் பெற்ற கேடயத்தோடு காத்திருந்தன. மனுவில் "வேறு மருந்து", "கடுமையான மருந்து" என்று நாம் எழுதும்போது இதை நினைவில் கொள்ள வேண்டும். டப்பாவின் பெயரும் நிறமும் விலையும் மாறலாம். ஈயின் நரம்பில் அது போய் நிற்கும் வாசல் பழைய வாசலாகவே இருக்கலாம். இன்று நம் வீடுகளில் எரியும் கொசுவத்திச் சுருளிலும், மின்சாரத்தில் சூடேறும் திரவக் குப்பியிலும், கடையில் விற்கும் பூச்சித் தெளிப்பானிலும் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்டு குடும்பமே. தினக்கூலியில் ஒரு பங்கை எடுத்து ஏழைக் குடும்பங்கள் இதற்குச் செலவிடுகின்றன. நஞ்சு தோற்கும்போது நிறுவனம் நட்டமடைவதில்லை. "புதிய, அதிக ஆற்றல் கொண்ட" டப்பாவை அது விற்கிறது. எதிர்ப்புத் திறன் ஏழைக்குச் சுமை. சந்தைக்கு அது வாய்ப்பு.

ஏலூரும் காசர்கோடும்

இந்தக் கதை நமக்குத் தொலைவில் நடந்ததன்று. இங்கிருந்து பெரியாற்றின் வழியே மேலே சென்றால் ஏலூர். பொதுத்துறை நிறுவனமான இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் அங்கே உத்யோகமண்டலில் ஆலை அமைத்து 1950களின் பிற்பகுதியிலிருந்து டி.டி.டி. தயாரித்தது. அதைக் குறைத்து மதிப்பிட நான் வரவில்லை. 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது நாட்டில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேர் மலேரியாவால் பீடிக்கப்பட்டார்கள் என்றும் எட்டு லட்சம் பேர் இறந்தார்கள் என்றும் மதிப்பிடப்பட்டது. 1960களின் நடுவில் அது ஒரு லட்சம் நோயாளிகள் என்ற அளவுக்கு இறங்கியது. அந்தச் சாதனையில் ஏலூர்த் தொழிலாளர்களின் வியர்வையும் உண்டு. ஆனால் 1976இல் நோயாளிகளின் எண்ணிக்கை மீண்டும் 64 லட்சத்தைத் தாண்டியது. நிதிக் குறைப்பு, மேற்பார்வைத் தளர்ச்சி, கொசுக்களின் எதிர்ப்புத் திறன் என்று அதற்குப் பல காரணங்கள். ஈயிடம் கண்ட அதே விதி கொசுவிடமும் செயல்பட்டது.

பின்னர் எண்டோசல்ஃபான். காசர்கோட்டில் அரசுத் துறையின் முந்திரித் தோட்டங்கள் மீது 1970களின் பிற்பகுதி முதல் 2000 வரை அது வானிலிருந்து தெளிக்கப்பட்டது. அங்கே பிறந்த குழந்தைகளின் நிலையை நாடே கண்டது. இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம் தொடுத்த வழக்கில் 2011 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அதைத் தடை செய்தது. 2017 ஜனவரியில், பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் வழங்கும்படி அதே நீதிமன்றம் ஆணையிட்டது.

நான்காவது அரணைப் பற்றிச் சொன்னேனே, அதை இங்கே பொருத்திப் பாருங்கள். ஈக்கு வெப்பமான நாட்டில் பத்து நாளில் ஒரு தலைமுறை. ஒரு பெண் ஈ தன் வாழ்நாளில் சில நூறு முட்டைகள் இடும். ஒரே ஓர் அமினோ அமிலம் மாறிய ஈ ஒரு பருவத்துக்குள் ஊரையே நிரப்பிவிடும். மனிதனுக்கு ஒரு தலைமுறை இருபத்தைந்து ஆண்டு. நஞ்சைக் கலக்கும் தொழிலாளிக்கும், முதுகில் தெளிப்பானைச் சுமக்கும் கூலிக்காரருக்கும், தாயின் வயிற்றிலிருக்கும் குழந்தைக்கும் தப்பிக்க அந்த அவகாசம் கிடையாது. நஞ்சுக்கும் பூச்சிக்கும் இடையிலான போட்டியில் பூச்சி வேகமாக மாறுகிறது. நடுவில் நிற்கும் மனிதன் மட்டும் மாறாமல் அடி வாங்குகிறான். அந்த நடுவில் நிறுத்தப்படுபவன் எந்த வர்க்கத்தைச் சேர்ந்தவன் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஏலூர்த் தொழிலாளியின் வேலைக்கும் காசர்கோட்டுக் குழந்தையின் உயிருக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடு என்று நம்மிடம் கேட்பவர்களுக்கு, இரண்டையும் காக்கும் மாற்று உற்பத்தியே நம் பதிலாக இருக்க வேண்டும்.

ஹால்டேன் நமக்கு விட்டுச்சென்ற பாடம்

இயற்கைத் தேர்வின் வேகத்தைக் கணக்கிடும் முறையை உருவாக்கியவர்களுள் ஒருவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். இங்கிலாந்தின் தொழில்நகரங்களில் கரிய அந்துப்பூச்சிகள் பெருகிய வேகத்தை 1924இலேயே கணக்கிட்டுக் காட்டியவர். பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியின் உறுப்பினராக இருந்து, 'டெய்லி வொர்க்கர்' ஏட்டில் தொழிலாளர்களுக்காக நூற்றுக்கணக்கான அறிவியல் கட்டுரைகள் எழுதியவர். லைசென்கோ விவகாரத்தில் அவர் சில காலம் தயங்கினார், வெளிப்படையாகக் கண்டிக்கவில்லை. ஆயினும் தான் அறிந்த மரபணுவியலை அவர் கைவிடவில்லை. கட்சியிலிருந்து அவர் விலகியதற்கு இந்த விவகாரமும் ஒரு காரணமாயிற்று. 1957இல் இந்தியாவுக்கு வந்தார், இந்தியக் குடிமகனானார், 1964 டிசம்பர் முதல் நாள் புவனேசுவரத்தில் காலமானார்.

லைசென்கோவைப் பற்றிப் பேசினால் எதிரிகளுக்கு அவல் கிடைத்துவிடும் என்று அஞ்சும் தோழர்கள் உண்டு. அந்த அச்சம் நமக்கு உதவாது. தவற்றை நாமே ஆராய்ந்து சொல்லாவிட்டால் எதிரி அதைத் திரித்துச் சொல்வான். அங்கே நடந்த தவறு, விரும்பிய முடிவை முதலில் தீர்மானித்துவிட்டு, இயற்கை அதற்கேற்ப நடக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது. சூழலை மாற்றினால் உயிரின் மரபே விரைவில் மாறிவிடும் என்ற எண்ணம் புரட்சிகரமாகத் தோன்றியது. ஆனால் உண்மையாக இருக்கவில்லை. பொருள்முதல்வாதி பொருளின் பேச்சைக் கேட்க வேண்டும். தொழுவத்துச் சுவரில் உட்கார்ந்திருந்த ஈ 1948இலேயே அந்தத் தீர்மானத்துக்கு மறுப்புத் தெரிவித்துவிட்டது.

சூழல் முக்கியமில்லை என்று இதற்குப் பொருளாகாது. எந்த மரபணு பெருக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது சூழலே. அந்தச் சூழலை உருவாக்குவது சமூகம். அழுகும் குப்பை மலையும் மாதந்தோறும் தெளிக்கும் நஞ்சும் சேர்ந்த ஒரு சூழலை உருவாக்கினால், அதற்கேற்ற ஈயே பெருகும். ஆகவே நாம் மாற்ற வேண்டியது ஈ பெருகும் சூழலை.

சேர்த்தலையும் ஆலப்புழையும்

அதற்கு வழி உண்டா? நம் தெற்கே இரண்டு ஊர்கள் வழிகாட்டியிருக்கின்றன.

யானைக்கால் நோய்க்கு முற்காலத்தில் 'கொச்சிக் கால்' என்றே பெயர் இருந்தது. திருவிதாங்கூரில் இந்நோயைப் பரப்பும் கொசுவின் புழு, ஆகாயத்தாமரையின் வேரில் துளையிட்டு அதன் வழியே மூச்சு விடுகிறது. ஆகவே அந்தக் களையை அகற்றினால் கொசு வளராது என்பதை 1930களில் எம்.ஓ.டி. ஐயங்கார் விளக்கினார். 1980களில் புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் சேர்த்தலையில் இந்த அறிவை மக்களிடம் கொண்டு சென்றது. குளங்களிலிருந்து களையை அகற்றி மீன் வளர்த்தார்கள். மீன் வருமானம் தந்தது. வருமானம் குளத்தைச் சுத்தமாக வைத்திருக்கத் தூண்டியது. மூச்சுவிட வேர் இல்லாத புழுவுக்கு எந்த மரபணு மாற்றம் உதவும்?

ஆலப்புழையில் 2012இல் சர்வோதயபுரத்து மக்கள் நகரக் குப்பையை இனி எங்கள் ஊரில் கொட்டக்கூடாது என்று வழிமறித்தார்கள். அதன்பின் அந்நகரம் மட்கும் குப்பையைப் பிறந்த இடத்திலேயே மட்கச் செய்யும் வழிக்குத் திரும்பியது. வீடுகளில் குழாய் உரக்கலன், சாண எரிவாயுக் கலன், தெருக்களில் காற்றோட்டமுள்ள உரத் தொட்டிகள் வந்தன. 2017இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் பாராட்டிய ஐந்து நகரங்களுள் ஆலப்புழையும் ஒன்று.

அதே நேரத்தில் நம் கொச்சியைப் பற்றியும் நேர்மையாகப் பேசுவோம். 2023 மார்ச் 2 அன்று பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு தீப்பற்றிப் பல நாள் எரிந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் விதித்தது. அந்தக் குப்பை மலை பல ஆட்சிகளின் கீழ் வளர்ந்தது என்பது உண்மை. தீப்பற்றியபோது மாநகராட்சியை நிர்வகித்தவர்கள் இடதுசாரிகள் என்பதும் உண்மை. முதல் உண்மையைச் சொல்லி இரண்டாவதை மறைக்க நமக்கு உரிமையில்லை.

நம் மனு எப்படி இருக்க வேண்டும்?

இப்போது அந்தத் தோழரின் மனுவுக்குத் திரும்புவோம்.

ஈயின் முட்டை பொரிந்து, புழு முழு வளர்ச்சி பெற்றுக் குப்பையை விட்டு மண்ணுக்குள் நகர நம் வெப்பத்தில் நான்கைந்து நாள் போதும். அதற்குள் அந்தக் குப்பை அங்கிருந்து போய்விட வேண்டும். ஆகவே முதல் கோரிக்கை: சந்தை, மீன் இறங்குதுறை, இறைச்சிக் கூடம், குடியிருப்பு ஆகியவற்றின் மட்கும் குப்பை வாரம் இரு முறையேனும் அகற்றப்பட வேண்டும், சந்தையில் நாள்தோறும். எந்த மரபணுவும் இதை எதிர்க்க முடியாது.

இரண்டாவது: அதைச் செய்பவர்கள் மனிதர்கள். வீடு வீடாகச் செல்லும் ஹரித கர்ம சேனைப் பெண்களுக்கும் துப்புரவுத் தொழிலாளர்களுக்கும் நிலையான ஊதியம், கையுறை, காலணி, மருத்துவக் காப்பு வேண்டும். ஈ ஒழிப்பின் முன்னணிப் படை அவர்களே. அவர்களுடைய கூலியைக் குறைத்து நஞ்சுக்குச் செலவிடுவது அறிவியலுக்கும் நீதிக்கும் ஒருசேர எதிரானது.

மூன்றாவது: நஞ்சை முற்றிலும் ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காலரா, வயிற்றுப்போக்கு பரவும் நெருக்கடியில் அது தேவைப்படலாம். அந்த நாளுக்காகவே அதைச் சேமிக்க வேண்டும். எதைத் தெளிக்கிறார்கள், அது எந்தக் குடும்பத்து நஞ்சு, இவ்வூர் ஈக்களும் கொசுக்களும் அதற்குச் சாகின்றனவா என்று சோதித்தார்களா என்பதைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஒரே குடும்ப நஞ்சைத் தொடர்ந்து தெளிக்காமல், தேவையற்ற இடங்களில் தெளிக்காமல் இருந்தால், சாதாரண ஈக்களும் பிழைத்திருந்து எதிர்ப்பு மரபணுவை நீர்த்துப்போகச் செய்யும். நோய்க்கிருமிகளிடம் ஆன்ட்டிபயாட்டிக் மருந்துகள் தோற்றுவருவதும் இதே விதிப்படிதான் என்பதால், இந்தக் கட்டுப்பாடு நம் மருந்துப் பெட்டிக்கும் பொருந்தும்.

கவுன்சிலரிடம் மருந்துப் புகை கேட்பது எளிது. புகை கண்ணுக்குத் தெரியும், அவருக்கும் நற்பெயர் கிடைக்கும். சாக்கடையைத் தூர்வாரச் சொல்வதும், குப்பைக்கு இடமும் ஆளும் கேட்பதும் கடினம்; அதற்கு வாரந்தோறும் பின்தொடர வேண்டும். கடினமானதைத் தேர்ந்தெடுங்கள், தோழர்களே. அடுத்த மனுவில் "கடுமையான மருந்து" என்ற சொற்களை அடித்துவிட்டு, கல்வத்திக் கால்வாயையும் சந்தைக் குப்பையையும் எழுதுங்கள். கையெழுத்திடும் ஒவ்வொருவரிடமும் ஏன் அப்படி எழுதினோம் என்பதைச் சொல்லுங்கள்.